எத்தனை நாள்

படிவத்தில் நான்காவது கேள்வி:
கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள்?
பெரும்பாலோர் மூன்று என்று எழுதுகிறார்கள்.
முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் மூன்று.
வீகோ நகரத்தின் மேட்டுத் தெருவில்
பதினோரு வருடமாக எண்ணுகிறேன்,
மூன்றை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

பிரெய்ஷோ இருபத்து மூன்று என்று எழுதியிருந்தான்.
அடித்தல் திருத்தல் இல்லை.
எடை போட்ட மீன்பெட்டி மேல் எழுதுவது போல
அழுத்தி.

சுவரிலிருக்கும் சின்னக் கதவு வழியே குப்பியை நீட்டினான்.
"படகில் பதினான்கு பேர். ஒரு அறைக்கு நான்கு படுக்கை.
ஒரு சொட்டு வீணாக்கவில்லை."
பதக்கம் வாங்க நிற்பவன் மாதிரி
அங்கேயே நின்றான்.

அயர்லாந்துக்கு மேற்கே போன படகு
புயலில் இரண்டு நாள் பிந்தி நேற்றிரவுதான் கரை சேர்ந்தது.
அல்தாராவின் வயிற்றில் ஏறிய ஊசிகள்
புயலுக்காக நிற்கவில்லை.
இன்று காலை ஏழு முட்டைகள் எடுத்தார்கள்.
ஏழும் என் பெட்டிக்குள்
முப்பத்தேழு டிகிரியில்.

ஒரு துளி வைத்துக் குனிந்தேன்.
கூட்டம்.
வேலைநிறுத்த நாளில் பேருந்து நிலையம் போல
அத்தனை பேர், நகர்வதற்கு ஒன்றுமில்லை.
எண்ணிக்கைக்குக் கைதட்டலாம்.
நூறில் பதினெட்டு நீந்துகின்றன,
சில இருந்த இடத்திலேயே வட்டமடிக்கின்றன,
மற்றவை சும்மா கிடக்கின்றன.
தலைக்குள் இழை அறுந்தவை எத்தனை என்று
இந்த லென்ஸ் காட்டாது. ஊகிக்கத்தான் முடியும்.
இறையாத கிணறு.

இதை அவனிடம் எப்படிச் சொல்ல?
அலையில் ஆடும் படுக்கையில்
பல்லைக் கடித்துச் சேர்த்த இருபத்து மூன்று இரவை
எந்த வாயால் தப்பென்பது?

"முதல் நாள் பிடித்த மீன் படகில் எங்கே இருக்கும்?"
"அடியில். ஐஸுக்குள்."
"கரைக்கு வரும்போது?"
யோசித்தான்.
"கண் மங்கியிருக்கும்," என்றான். அப்புறம்
காது இரண்டும் சிவந்தது.

"இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று தாருங்கள்."
"அதற்குள் என்ன ஊறிவிடும்?"
"கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் வேண்டும்."
சிலருக்கு இது உதவும்,
சிலருக்கு எதுவும் மாறாது. அதையும் சொன்னேன்.
நான் படித்தபோது காத்திருப்பது விதி,
இப்போது அந்த விதியில் அங்கங்கே ஓட்டை.

திரைக்குப் பின்னால் மயக்கம் தெளியாத குரல்:
"போதவில்லையாமா?"
"அதிகமாகிவிட்டதாம்."
சிரிக்க வைக்காதே, வலிக்கிறது என்கிறாள் அல்தாரா.
அவன் சிரிக்க வைக்கவேயில்லை.
அவளாகத்தான் சிரிக்கிறாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர,
பக்கத்துப் படுக்கைக்காரி திரும்பிப் பார்க்கும் வரை.

வெளியே மழை. எங்கே போனானோ,
சட்டை தோளில் நனைந்து திரும்பி வந்தான்.
இம்முறை குப்பியை வைத்துவிட்டு நிற்கவில்லை.

துளி மெலிந்திருந்தது.
கண்ணாடியில் பாதி வெறும் வெளிச்சம்.
இருந்தவை ஓடின.
ஒன்றைக் குறி வைத்தால்
ஊசி போவதற்குள் அது வேறெங்கோ.
மூன்று முறை கோட்டை விட்டேன்,
வாய்விட்டுத் திட்டினேன், நல்ல திட்டு.
ஏழு முட்டைக்கு ஏழு.
நான்கு மணிக்கு முதுகு நிமிர்ந்தது.

எத்தனை பிழைக்கும் என்று அல்தாரா கேட்டாள்.
நாளை தெரியும் என்றேன்.
திங்கட்கிழமை படகு கிளம்புகிறது என்றான் அவன்,
யாரும் கேட்காமலே.

இரண்டாவது குப்பிக்கு இன்னொரு படிவம்.
நாள் என்று அச்சிட்டிருந்ததை அடித்து
மணி என்று எழுதினேன். இரண்டு.
கணினி ஏற்கவில்லை.
அதற்கு நாள்தான் தெரியும், அதுவும் முழு நாள்.
கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
பச்சை விளக்கு எரிந்தது.